டம்ளருக்கு அடியில்

சன்னதித் தெருவுக்குப் பின்னால்,
கடல் தெரியும் என்று சொல்லி
முந்நூறு கூட வாங்கிய லாட்ஜ்.
தெரிந்தது.
தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவே
ஒரு துண்டு அகலத்துக்கு.

முதல் நாள் காலை
இருபத்திரண்டு தீர்த்தத்தையும் தலையில் வாங்கிக்கொண்டு
சொட்டச் சொட்ட மூன்று மாடி ஏறினோம்,
ஈரத் துணியோடு லிஃப்டில் வரக்கூடாதாம்.
வாளி இறைத்தவருக்கு ஐம்பது,
மந்திரம் சொன்னவருக்கு நூற்றியொன்று,
செருப்பைப் பார்த்துக்கொண்டவருக்குப் பத்து.
கை தானாகப் பைக்குள் போய் வந்தது.
எங்கள் ஈரத்தைப் படிபடியாகத் துடைத்தபடி
பின்னால் ஒருத்தி ஏறி வந்ததை
மேலே போய்த் திரும்பியபோதுதான் பார்த்தேன்.
அவளுக்கு எவ்வளவு என்று
எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை.

இரவு திலகவேணியிடம் கேட்டேன்.
சம்பளம் வாங்குறாங்கல்ல, என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து, இருட்டில்,
நம்ம வீட்டு பாத்ரூமை நீங்க எப்பக் கழுவுனீங்க,
என்றும் அவளே கேட்டாள்.

தனுஷ்கோடிக்குக் கிளம்புமுன்
தலையணைக்கு அடியில் இருநூறு வைத்தேன்.
நேரில் கொடுக்க எனக்கு வராது.
கொடுக்கும்போது என் முகம்
பெரிய மனுஷன் முகமாக மாறுவதை
மச்சினன் கல்யாண வீடியோவில் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்தால்
விரிப்பில் ஒரு மணல் இல்லை.
இருநூறு மேசை நடுவில்,
எவர்சில்வர் டம்ளருக்கு அடியில்,
காந்தி வெளியே தெரியும்படி.

குறைவென்று கோபமோ?
மறுநாள் ஐம்பது சேர்த்து வைத்தேன்.
மறுபடியும் டம்ளர்.

எங்கிட்டக் குடுங்க சார், சேர்த்துடுறேன்,
என்றான் ரிசப்ஷன் பையன்.
அவன் முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி: 'ஊழியர் நலன்'.
சாவி, மதுரையில், முதலாளியிடம்.

கிளம்பும் அன்று படிக்கட்டில் பிடித்தேன்.
"டீ செலவுக்கு வச்சுக்கங்க."
"நான் டீ குடிக்கிறதில்ல."
வாளியைக் கீழே வைத்தாள்.

மாசி மாதம் முன்னூற்று நாலில் தங்கியவர்
ஐந்நூறைக் காணோம் என்றார்.
மானாமதுரை தாண்டி, அவர் கார் சீட்டுக்கு அடியிலேயே கிடைத்தது.
போன் செய்து சொன்னார், நல்ல மனிதர்.
அதற்குள் இவள் சம்பளத்தில் பிடித்தாயிற்று.
பிடித்தது பிடித்ததுதான்.

"அன்னைக்கிருந்து ரூமுல கெடக்குற காச
டம்ளருக்கு அடியில வச்சு
ஒரு போட்டோ எடுத்துக்குவேன் சார்.
உங்களதும் இருக்கு, ரெண்டு நாளும்."

காட்டினாள்.
என் இருநூறு, தேதியோடு, நேரத்தோடு.
விரல் தவறி அடுத்த படத்துக்குப் போனது:
இடுப்பளவு கடலில் ஐந்து பெண்கள்,
நெற்றியில் ஏற்றிய நீச்சல் கண்ணாடி,
சாக்கு நிறையக் கடல்பாசி.
"மாசத்துல பன்னெண்டு நாள் பாசிக்குப் போவேன்.
அங்க எடைக்குக் காசு. ஒரு வம்பில்ல."

"அப்ப எப்படித்தான் குடுக்குறது?"
"கையில குடுங்க. இல்லாட்டி
பேரெழுதி வைங்க."

பேரைக் கேட்டேன்,
நாலு நாளில் முதல் தடவையாக.

பையில் அகப்பட்ட தாளின் பின்பக்கம் எழுதினேன்:
சகாயராணிக்கு, ரூ. 300.
நாங்களாகக் கொடுத்தது. அறை 301.
கையெழுத்தும் போட்டேன்.
வாசித்துப் பார்த்தாள்.
"தேதி போடலியே."
போட்டேன்.
பணத்தைத் தாளுக்குள் மடித்து
தாளை மட்டும் இன்னொரு முறை
தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறும்போதுதான்
நினைவு வந்தது:
அந்தத் தாள், லாட்ஜ் பில்.
ஆபீசில் காட்டினால்தான் எனக்குப் பணம் வரும்.
திலகவேணி ஜன்னல் பக்கமாகத் திரும்பிச்
சிரித்துக்கொண்டே சொன்னாள்,
"ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கலாமுல்ல."